அத்தானின் முறை

டிப்போவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைம்கீப்பர் என்றால் போதும். வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு வண்டி பிந்தி வந்தால் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், டிரைவர் முகத்தைத்தான் பார்ப்பார். "டயரா, டீயா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் ரொம்பக் குறைவு.

இப்படிக் கறாரான மனுஷருக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் உள்ளறைக்குப் போய்விடுவார். அங்கே மேசைமேல், தட்டெழுத்துப் பொறி மாதிரி தடிமனாக ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். பக்கத்தில் டிஸ்க் போடும் பெட்டி, எதிரே ஒரு சின்ன டிவி. டிஸ்க்கைச் செருகினால் பெட்டி இரண்டு நிமிஷம் கரகரவென்று மென்று, பிறகு திரையில் ஒரு தீவைக் கக்கும். நடுவில் ஆறு. வடகரை அவருடையது. தென்கரை அவருடைய அத்தானுடையது.

அத்தான் என்றால் அக்கா புருஷன். பஸ்ஸில் நாலு மணி நேரத் தொலைவில் ஒரு காகித ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். அக்கா கல்யாணத்தின்போது டைம்கீப்பருக்குப் பதினேழு வயசு. வந்த மாப்பிள்ளை மாப்பிள்ளை முறுக்கெல்லாம் காட்டாமல் மூன்றாம் நாளே இவரோடு உட்கார்ந்து சீட்டாட ஆரம்பித்துவிட்டார். அன்று ஒட்டிக்கொண்டது. பிற்பாடு இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கினார்கள். கூடவே வந்ததுதான் இந்தத் தீவு விளையாட்டு.

ஒரு முறை ஆடினால் தீவில் ஒரு பருவம் கழியும். விதைக்க வேண்டும், களஞ்சியம் கட்டி நிரப்ப வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், மதகைத் திறந்து மூட வேண்டும், வீடு கட்டி ஜனங்களைக் குடியேற்ற வேண்டும், எதிரி ஆற்றைத் தாண்டாமல் இருக்கப் படை வைக்க வேண்டும். தன் முறையை ஆடி முடித்ததும் டிஸ்க்கை அட்டை வைத்த கவரில் போட்டு, சனிக்கிழமை வண்டி டிரைவரிடம் கொடுப்பார் டைம்கீப்பர். புதன்கிழமை அத்தான் முறை ஆடி, கவர் திரும்பி வரும். டிஸ்க்கைப் போட்டதும் எதிராளி செய்ததையெல்லாம் விளையாட்டு முதலிலிருந்து வரிசையாக ஆடிக் காட்டும். எந்த வயலில் முதலில் கை வைத்தார், எங்கே தயங்கினார், எதைக் கட்டிவிட்டு உடனே இடித்தார், எல்லாம் தெரியும்.

பத்து வருஷமாக இது நடந்தது. அத்தான் முரட்டு ராஜா. களஞ்சியத்தில் நெல் இருக்கிறதோ இல்லையோ, படகு நிறையச் சிப்பாய்களை ஏற்றிவிடுவார். தன் ஊர்களுக்கு அவர் வைக்கும் பேர்களும் அப்படித்தான்: தூங்குமூஞ்சி, மாமியார்மேடு, ஓசிச்சோறு. ஒருதரம் டைம்கீப்பரின் கோட்டைக்கு எதிரே ஒரு குடியிருப்பைக் கட்டி, "போடாபோ" என்று பேர் வைத்திருந்தார். டைம்கீப்பர் தனியாக உட்கார்ந்து அரை மணி நேரம் சிரித்தார். பள்ளிக்கூட டீச்சரான அவர் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "ராஜ்யத்துல என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதினோராவது வருஷம் அறுவடைப் பருவத்தில் அத்தான் ஒரு களஞ்சியம் கட்டினார். நிரப்பவில்லை. அடுத்த முறை அதன் பக்கத்திலேயே இன்னொன்று கட்டினார். அதற்கடுத்த முறை மூன்றாவது. மூன்றும் காலி. வயலில் விளைந்தது அப்படியே வீணாய்ப் போயிற்று.

டைம்கீப்பர் இதை ஒரு சூழ்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டார். கரையோரம் படையைக் கூட்டி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு படகு மட்டும் தென்கரையிலிருந்து கிளம்பி நடுக்கடலுக்குப் போய் அங்கேயே நின்றது. அதற்குள் நாற்பது பேர். பருவத்துக்குப் பருவம் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் படகு காலியாக மிதந்தது. அவர்களைத் திருப்பிக் கூப்பிட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அத்தான் அழுத்தவில்லை.

போன் செய்தார். "என்ன அத்தான், கடல்ல என்ன பண்றாங்க உங்க ஆளுங்க? மீன் புடிக்கிறாங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு நொடி பிந்தி வந்தது. பிந்தி வருவதைக் கவனிப்பதுதான் இவர் பிழைப்பே.

"அதெல்லாம் எதிரிகிட்ட சொல்லுவாங்களா மாப்ளே?" என்றார் அத்தான்.

அதற்கடுத்த வாரம் வந்த முறை வேறு தினுசாக இருந்தது. காலிக் களஞ்சியங்களில் இரண்டு இடிக்கப்பட்டு, மிச்சம் இருந்தது வழிய வழிய நிரப்பப்பட்டிருந்தது. கரைகளில் ஓட்டை உடைசல் எல்லாம் பூசி மெழுகியாயிற்று. சிப்பாய்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பி விதைக்க விட்டிருந்தது. குற்றம் சொல்ல இடமில்லாத ஆட்டம். ஆனால் பத்து வருஷத்தில் அத்தான் ஒரு சிப்பாயைக்கூட வீட்டுக்கு அனுப்பியவர் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒழுங்கு, இரண்டு வாரம் கன்னாபின்னா என்று மாறி மாறி வந்தது. டைம்கீப்பர் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைப் பாதியிலேயே விட்டு எழ ஆரம்பித்தார். டிஸ்க் பெட்டி கரகரக்கும்போது இன்றைக்கு எந்த அத்தான் வரப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெள்ளப் பருவம் வந்தது. ஆற்றில் நீர் ஏறும்போது மதகுகளை மூடியே வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரையில் ஆடுகிறவருக்காக நகரும் சின்னக் கைப்படம், அத்தானின் கை, முதல் மதகுக்குப் போயிற்று. திறக்கவா என்று விளையாட்டு கேட்டது. ஆமாம். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. ஆமாம். நீல நிறம் தூங்குமூஞ்சியை மூடியது, பிறகு மாமியார்மேட்டை. திரைக்கு அடியில் எண்ணிக்கை விழுந்துகொண்டே போனது. அத்தானின் கை அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிதானமாக நகர்ந்து போய் இரண்டாவது மதகையும் திறந்தது.

எல்லாம் முடிந்ததும் மேட்டில் ஒரே ஒரு வீடு கட்டி, அதற்கு ஒரு பேர் வைத்திருந்தார். "யாருது".

டைம்கீப்பர் டிவியை அணைத்தார். விளையாட்டில் தோற்றால் தோற்கட்டும். அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது வேறு விஷயம். இந்தக் கைதான் வாரத்தில் ஆறு நாள், எட்டு மணி நேரம், ஒரு பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

மனைவியிடம் சொன்னார். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். "பொம்மை ஆத்துல தண்ணி திறந்து விட்டாருன்னு ஒரு மனுஷனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சொல்லுவீங்களா?"

"திறந்ததுக்காகச் சொல்லல. திறந்துட்டு நின்னாரு பாரு, அதுக்காகச் சொல்றேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "நாளைக்கே போயிட்டு வாங்க," என்றாள்.

முதல் வண்டியில் கிளம்பிப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அக்கா கதவைத் திறந்தவள், "என்னடா திடுதிப்புன்னு?" என்றாள். சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை. வாசலை மறைத்துக்கொண்டே நின்றாள். அத்தான் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது சுவிட்சுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துண்டுக் காகிதம், அக்காவின் உருண்டைக் கையெழுத்தில்: விளக்கு, காத்தாடி, தொடாதே. குளியலறைக் கதவில் ஒரு அம்புக்குறி. அடுப்புக்கு மேலே பெரிய எழுத்தில், "என்னைக் கூப்பிடு".

கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி மடித்து வைத்திருந்தது. அத்தான் கண்ணாடி போடுகிறவர் இல்லை.

"ஒழுங்கா ஆடின முறையெல்லாம் நீதானேக்கா?"

அக்கா அந்தக் கண்ணாடியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, தன் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பத்து வருஷமா பின்னாடி நின்னு பார்த்தவதானேடா. எனக்கு ஆடத் தெரியாதா? அவரு ஆடுறதப் பார்த்தா உனக்குத் தெரிஞ்சிடும்னு நான் ஆடினேன். சில வாரம் எனக்கு முன்னாடியே ஆடிக் கவர ஒட்டிக் கொடுத்துடுவாரு."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம். வீட்டுக்கு வர்ற வழி மறந்துட்டாரு ஒரு நாள். அன்னிலேருந்து."

"ஆலையில?"

"அங்க அவருகூட ஒரு ஹெல்பர் இருக்கான். நல்லவன். மீட்டர் பார்க்கிறது, புத்தகத்துல எழுதறது எல்லாம் அவன்தான். இவரு சும்மா நாற்காலியில உட்கார்ந்திருப்பாரு. இன்னும் எட்டு மாசம்டா. எட்டே மாசம். மரியாதையா ஓய்வு வாங்கிட்டு வந்துடட்டும். முப்பத்திரெண்டு வருஷம் வேலை பார்த்த மனுஷன பைத்தியம்னு சொல்லி வெளிய அனுப்பணுமா?"

"ஹெல்பர் வராத அன்னிக்கு?"

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா. இன்னிக்கு அவன் வந்திருக்கானா?"

"முதுகு புடிச்சிக்கிச்சாம்," என்றாள் மெல்ல. "காலையில ஆள் அனுப்பிச் சொன்னான். இவர வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்காம சட்டையப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. ஒரு நாள்தானேன்னு..."

டம்ளரை எங்கே வைத்தார் என்று டைம்கீப்பருக்கு நினைவில்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். ஆலை பத்து நிமிஷ நடை. அவர் ஓடினார். ஐம்பது வயசில், தொந்தியோடு, வெயிலில், ஜனங்கள் திரும்பிப் பார்க்க ஓடினார். வாசல் காவலாளிக்கு அவர் அத்தானின் மச்சினன் என்று தெரியும், அதனால் தடுக்கவில்லை. "என்ன சார், வீட்டுல ஏதாவது..." என்று அவன் கேட்டது பின்னால் எங்கேயோ கேட்டது.

பாய்லர் அறையின் இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே போன உடனேயே சூடு முகத்தில் அறைந்தது. இதற்கு முன் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறார். அப்போதெல்லாம் பாய்லர் ஒரு சீரான முனகல் முனகும். இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. வறட்டு இரும்பு சுடுகிற ஒரு வாசனையும், எங்கோ சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி டிக், டிக் என்று ஒரு சத்தமும்தான் இருந்தது.

அத்தான் மேடைமேல் நின்றுகொண்டிருந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை, வாரிய தலை. முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. எதிரே தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், அடி முதல் நுனி வரை காலி. அத்தானின் வலது கை தண்ணீர் விடுகிற வால்வின் சக்கரத்தின் மேல் இருந்தது.

"வா மாப்ளே," என்றார், எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் போல. "இப்ப உன் முறையா, என் முறையா?"

"கீழ இறங்குங்க அத்தான்."

"தண்ணி இல்ல பாரு. விடணும்."

டைம்கீப்பருக்குப் பாய்லரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடுவதுதானே முறை? யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தக் கை சக்கரத்தைப் பிடித்திருந்த விதம் அவருக்குத் தெரிந்த விதம். அவசரமில்லாமல், கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லிக்கொண்டு மதகு மதகாகத் திறந்துகொண்டு போன கை அது. இரண்டே தாவலில் மேடை ஏறி அத்தானின் மணிக்கட்டைப் பிடித்தார்.

அத்தான் பலசாலி. சக்கரம் கால்வாசி திரும்பிவிட்டது, தண்ணீர் மட்டும் இன்னும் பாயவில்லை. டைம்கீப்பர் தன் முழு எடையையும் அந்தக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்துக் கத்தினார். பேர் தெரியாததால் "யாராவது, யாராவது" என்றே கத்தினார்.

ஓடி வந்தவர் ஷிப்ட் ஃபோர்மேன். கண்ணாடிக் குழாயை ஒரு பார்வைதான் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. முதலில் எண்ணெய் வால்வை அடைத்துத் தீயை அணைத்தார். பிறகு அத்தானின் மறு கையைப் பிடித்து, இரண்டு பேருமாக அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பக்கத்துக் கூடத்தில் இருந்த நாற்பது பேரையும் வெளியேறச் சொல்லி மணி அடித்தார்கள். எல்லோரும் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று, புகை வராத புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் மட்டும் அவர்களை எண்ணிக்கொண்டிருந்தார், விரலை நீட்டி, ஒவ்வொருவராக.

"பழுக்கக் காய்ஞ்ச இரும்புல பச்சத் தண்ணி பட்டிருந்தா மொத்தமும் வெடிச்சிருக்கும்," என்றார் ஃபோர்மேன். சட்டைப் பையில் இருந்த கைக்குட்டையை எடுத்தார். அது கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர் குறைந்தால் தானாகக் கத்த வேண்டிய விசில் ஒன்று அந்தப் பாய்லரில் உண்டு. அது கெட்டுப்போய் ஏழு மாதமாக அப்படியே கிடந்தது. இது வெளியே தெரிந்தால் பல பேர் தலை உருளும். அதனால் மேலாளர் ரொம்பப் பணிவாகப் பேசினார். பெரியவரை நாளை முதல் கிடங்கில் உட்கார வைத்துவிடுகிறோம், எட்டு மாதமும் கௌரவமாகப் போய்விடும், நீங்கள் இன்று யதேச்சையாக அத்தானைப் பார்க்க வந்தீர்கள், வேறொன்றும் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்றார். காகிதம் தயாராக இருந்தது. பேனாவின் மூடிகூடக் கழற்றி வைத்திருந்தது.

அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "போட்டுடுடா தம்பி," என்றாள். "உன்ன வளர்த்தவ கேக்குறேன். போட்டுடு."

டைம்கீப்பர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். வாழ்நாள் முழுக்க மூன்று நிமிஷத்தை மூன்று நிமிஷம் என்றே எழுதியவர். அந்த விசிலை நாளைக்கும் யாரும் சரி செய்ய மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. காகிதத்தைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, அரசாங்கப் பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு என்று மேலே போட்டுக் கையெழுத்து வைத்தார். அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

விசாரணை நடந்தது. விசிலைச் சரி செய்தார்கள். அத்தானை மருத்துவக் காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள், வழியனுப்பு விழா இல்லாமல், ஒரு மாலை இல்லாமல். அத்தான் பேரில் புத்தகம் எழுதிய குற்றத்துக்காக ஹெல்பருக்கு மூன்று மாதம் வேலை இல்லை. முதுகுவலியோடு படுத்திருந்த அந்த மனுஷனை டைம்கீப்பர் போய்ப் பார்த்தார். அவன் எழுந்து உட்காராமலே, "நீங்க செஞ்சது சரி சார். ஆனா இனிமே வராதீங்க," என்றான்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பதினாலு மாதம் இப்படிப் போயிற்று. சனிக்கிழமை வண்டி டிரைவர் பழக்க தோஷத்தில் கூண்டருகே நிறுத்தி, "கவர் இல்லையா சார்?" என்று சில வாரம் கேட்டுப் பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

பதினைந்தாவது மாதம் அக்காவே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. "என்னால தனியா முடியல. பக்கத்துல ஒரு வீடு பாரு," என்றாள்.

தன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துக் குடிவைத்தார். அத்தானுக்கு அதற்குள் அக்காவைத் தெரியாமல் போயிருந்தது. அவளை "இந்தாம்மா" என்று கூப்பிட்டார். டைம்கீப்பரை மட்டும் எப்படியோ மாப்ளே என்றே கூப்பிட்டார். தினமும் ஷிப்ட் ஆரம்பிக்கிற நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கதவில் வந்து நின்று பூட்டை ஆட்டுவார். சாவி அக்காவின் இடுப்பில். அவர் ஆட்டி ஓய்கிற வரை அவள் பின்னால் நின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள் மதியம் டைம்கீப்பர் போனபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் சொன்னாள், "நீ அன்னிக்கு வராம இருந்திருந்தா அவரு போயிருப்பாரு. நாப்பது பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாரு. எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு ஆத்திரம்தான் வருது."

"வரட்டும்க்கா," என்றார் அவர்.

உள்ளேயிருந்து அத்தான் குரல் கொடுத்தார். "மாப்ளே, சத்தம் கேக்குதா? எங்கயோ காயுது."

இரண்டு பேரும் காதைத் தீட்டினார்கள். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. வேறு சத்தம் இல்லை.

"ஒண்ணுமில்ல அத்தான்."

"காயுது," என்றார் அத்தான் மறுபடியும், உறுதியாக. "யாரும் பார்க்கல. போய்ப் பாரு."

அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனாள். அடுப்பை அவள் அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் குனிந்து, குமிழை இன்னொரு தரம் இறுக்கி, உள்ளங்கையை அடுப்பின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.